அனுமதி கேட்காமல் நடந்தவன்

ஸ்கார்பெக், யார்க்‌ஷயர்.
வியாழக்கிழமை, காலைத் தேநீருக்குப் பிறகு.

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. ஜெத்ரோ ஹெப்டன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஹில்டாவின் கணவன் ஆம்ப்ரோஸ் லம்லி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே தாங்களும் தங்கள் ஆடுகளும் நலமாக இருப்பீர்கள் என்று யூகிக்கிறேன். நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புவதாக எழுதினால் அதைச் சமாதானம் என்று யாராவது எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால் யூகத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இருபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு தங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஆனால் இதைத் தாங்கள் கடிதமாகக் கருதக் கூடாது. படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடவும்.

நேற்று ஹில்டாவிடம் தாங்கள் கொடுத்தனுப்பிய புகைபோட்ட பன்றித் தொடையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு பக்கம் சற்றுக் குறைந்திருக்கும். அதற்கு நான் பொறுப்பல்ல, ஹில்டா காலையிலேயே கத்தியை எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தீர்கள். வர முடியாது. ஏன் வர முடியாது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். போன வாரம் செவ்வாயன்று தேவாலயக் கூடத்தில் நடந்த விசாரணையில் என்ன நடந்தது என்று அண்ணனுக்கு இன்னும் புரியவில்லை என்கிறாள் ஹில்டா. எனக்கும் புரியவில்லை. ஆனால் நான் படித்தவன், புரியாததையும் வரிசையாகச் சொல்வேன்.

நமக்குள் என்ன பகை என்பதைத் தாங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. நான் பதினோரு வருடம் லத்தீன் சொல்லிக்கொடுத்த பள்ளியில் தலைமையாசிரியர் இடம் காலியானபோது, பள்ளிக் குழுவில் இருந்த தாங்கள், சொந்தத் தங்கையின் கணவன் நான் இருக்க, அந்தப் பின்னாக்குக்குக் கை தூக்கினீர்கள். பின்னாக் விளையாட்டு வாத்தியார். அவனுக்குத் தெரிந்த லத்தீன் கிரிக்கெட் சங்கத்துத் தொப்பியில் தைத்திருப்பது மட்டும்தான், அதையும் அவன் தலையில் வைத்திருந்ததால் படித்திருக்க வாய்ப்பில்லை. நான் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்து ஊர் நூலகத்தில் சேர்ந்தேன். நூலகத்துக்குப் போக ரயில் பிடிக்க வேண்டும். ரயில் நிலையத்துக்கு இரண்டே வழி. ஒன்று பெரிய சாலை, அது பள்ளி வாசலை உரசிக்கொண்டு போகிறது, அங்கே தினமும் காலையில் பின்னாக் நின்றுகொண்டு பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லுகிறான், எனக்கும் சொல்லுவான், பெயரைச் சொல்லி, சிரித்துக்கொண்டே. இன்னொன்று தங்கள் வயல் நடுவே ஆற்றங்கரைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை. நான் வயலைத் தேர்ந்தெடுத்தேன். தங்களிடம் கேட்கவில்லை. கேட்பேனா? தங்களைத் தூரத்தில் கண்டால் வானத்தைப் பார்ப்பேன். நம் ஊரில் வானத்தைப் பார்க்க எப்போதுமே ஒரு காரணம் இருக்கும் என்பதால் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

பிறகு இந்த வருடம்தான் தாங்கள் முழங்கால் வலியைச் சாக்கிட்டு, அந்தப் பாதை ஓடும் கீழ் வயல்கள் இரண்டையும் லண்டனிலிருந்து வந்த அந்த ஃபேர்லிக்கு விற்றீர்கள். அவன் வந்த மறு வாரமே வாசற்படலுக்குப் பூட்டுப் போட்டு, ‘தனியார் நிலம்’ என்று பலகை வைத்தான். எனக்குப் பள்ளி வாசல்தான் என்று ஆயிற்று. மூன்று மாதமாகத் தினமும் பின்னாக்கிடம் வணக்கம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். இதைத் தாங்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். நல்லவேளையாக நம் ஊர் நடைச் சங்கத்துக்கும் கோபம் வந்துவிட்டது. தலைவி மிஸ் க்ரேவன் கைத்தடியைத் தரையில் தட்டி, இருபது வருடம் மக்கள் நடந்த வழி மக்களுடைய வழி, சட்டம் அப்படித்தான் சொல்லுகிறது என்று அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போட்டார். அரசாங்கம் மழைக்கோட்டுப் போட்ட ஓர் அதிகாரியை விசாரிக்க அனுப்பியது. இதுவரை நடந்ததெல்லாம் எனக்குத் தெளிவாகப் புரிகிறது. இனிமேல்தான் புரியவில்லை.

ஃபேர்லியின் வக்கீல் எழுந்தார். பளபளவென்று ஷூ, வயலைப் பார்த்தே இராத ஷூ. “அய்யா, இவங்க சங்கத்தோட பேரே ஸ்கார்பெக் ராம்பிளர்ஸ். ராம்பிள்னா என்ன? எங்கே போறோம்னு இல்லாம மனசு போன போக்குல திரியறது. சட்டத்துல பாதைன்னா இங்கேருந்து அங்கே போற ஒரே கோடு. திரியறவங்களுக்குக் கோடு ஏதுங்க?” என்றார். மிஸ் க்ரேவன் திரும்பி என் முழங்கையைப் பிடித்தார். “மிஸ்டர் லம்லி, நீங்கதானே படிச்சவர். அந்த வார்த்தைக்கு நல்ல அர்த்தமா ஒண்ணு எழுந்து சொல்லுங்க.”

எழுந்தேன். ஒரு சொல் எங்கேயிருந்து வந்தது என்று என் வாழ்நாளில் யாரும் என்னைக் கேட்டதில்லை. நானாகச் சொன்னபோதெல்லாம் தாங்கள் உட்பட எல்லோரும் தூங்கியிருக்கிறீர்கள். இப்போது அரசாங்கமே கேட்கிறது. எனவே முறையாகத் தொடங்கினேன். இது பழைய சொல், பிறப்பு உறுதியில்லை, அலைவதைக் குறிக்கும் ‘ரோம்’ என்ற சொல்லையே, திரும்பத் திரும்ப அலைவது என்று பொருள்பட நீட்டியது என்று ஒரு கட்சி உண்டு; ரோமாபுரிக்கு யாத்திரை போனவர்களிடமிருந்து அந்த ‘ரோம்’ வந்தது என்று சிலர் சொல்வது வெறும் கதை, நம்பக் கூடாது; ஆனால் பழைய டச்சு மொழியில் இதைப்போலவே ஒரு சொல் உண்டு, அறிஞர்கள் பலர் அதன் பக்கம் சாய்கிறார்கள் என்றேன். “டச்சுக்காரங்க அதை எதுக்குச் சொன்னாங்க?” என்று அதிகாரி ஆர்வமாகக் கேட்டார். பாவம், நல்ல மனிதர். “பூனைக்குங்க. பருவத்துக்கு வந்த பூனை துணை தேடிக்கிட்டு ஊரெல்லாம் அலையறதுக்கு” என்றேன்.

கூடத்தில் ஒரு தேக்கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. மிஸ் க்ரேவன் கல்யாணமே செய்துகொள்ளாதவர் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. “மிஸ்டர் லம்லி, உக்காருங்க” என்றார், முன்னால் பார்த்தபடியே. வக்கீல் விடவில்லை. “பூனை நேர்கோட்டுல போகுமாங்க?” என்றார். போகாது என்றேன். வேறு என்ன சொல்ல? உண்மை உண்மைதானே. தவறைச் சரிசெய்யலாம் என்று, ஆங்கிலத்தில் அலைவதைக் குறிக்கும் அதன் உறவுச் சொற்களுக்குப் போனேன். ‘வாண்டர்’ என்ற சொல், திரும்புதல், வளைதல் என்ற சொற்களோடு ஒரே வேரில் பிறந்தது என்றேன், வக்கீல் எழுதிக்கொண்டார். ‘ஸ்ட்ரே’ என்பது எல்லைக்கு வெளியே அலைவது என்ற லத்தீனிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்றேன், அதையும் எழுதிக்கொண்டார். ‘ரோவ்’ என்பது வில்லாளிகள் இலக்கு வைக்காமல் கண்ணில் பட்டதையெல்லாம் குறிபார்த்த பழக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்றேன், நன்றி என்றார். கடைசியில் எனக்கு ஒன்று கிடைத்தது. ‘ரேஞ்ச்’! அலைவதற்கு அதையும் சொல்கிறோம், ஆனால் அது பிறந்ததோ பிரெஞ்சில் வரிசை, கோடு என்ற சொல்லிலிருந்து! கோடு! மேசையைத் தட்டிச் சொன்னேன். “ரொம்ப நல்லாயிருக்கு, ஆனா உங்க சங்கத்துக்கு அந்தப் பேர் இல்லையே” என்றார் வக்கீல். பின்வரிசையிலிருந்து கசாப்புக்கடை சிட்னி கத்தினான்: “மிஸ்டர் லம்லி, நீங்க யார் கட்சி? முதல்ல அதைச் சொல்லிட்டு வேரைத் தோண்டுங்க!”

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். “ராம்பிள்ங்கற சொல்லுக்குப் பேச்சிலயும் ஒரு அர்த்தம் இருக்கு, இல்லையா மிஸ்டர் லம்லி?” என்று மெதுவாகக் கேட்டார். இருக்கிறது. நிறுத்தாமல், தொடர்பில்லாமல் பேசிக்கொண்டே போவது. கூடம் முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகத் தாங்கள்தான் சிரித்தீர்கள். அது என் கணக்கில் ஏறிவிட்டது. பிறகு அந்த மனிதர் சொன்னார்: “பேர் என்னவா வேணா இருக்கட்டும். நான் நேத்தே போய்ப் பார்த்தேன். புல்லு ஒரே கோட்டுலதான் தேஞ்சிருக்கு.” அவ்வளவுதான். என் படிப்பு இரண்டு பக்கத்துக்கும் உதவவில்லை. தேநீர் இடைவேளை விட்டார்கள்.

இடைவேளைக்குப் பிறகு உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், முழங்காலைத் தடவிக்கொண்டே போய் உட்கார்ந்தீர்கள். அதிகாரி கேட்டார், இந்த வழியில் ஜனங்கள் நடந்ததை நீங்கள் ஆட்சேபித்தீர்களா என்று. உங்களுக்கு ஒரே பெருமை. “ஆட்சேபிக்கறதா? நானா? ஒவ்வொரு ஈஸ்டர் திங்களும் மிஸ் க்ரேவன் படல்கிட்ட வந்து நின்னு, தடியைத் தூக்கி, ‘உங்க அனுமதியோட, மிஸ்டர் ஹெப்டன்’னு கேப்பாங்க. ‘போங்கம்மா, படலை மட்டும் சாத்திட்டுப் போங்க’ம்பேன். ஒரு வருஷம்கூடத் தவறினதில்ல. நான் யாருக்கும் அனுமதி இல்லைன்னு சொன்னதே கிடையாதுங்க!” சங்கத்துக்காரர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டப் போய்ப் பகை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். தட்டாத ஒரே ஆள் அந்த வக்கீல். அவர் சிரித்தார்.

ஏனென்றால் சட்டம் அப்படி இருக்கிறதாம். அதிகாரி வருத்தத்தோடு விளக்கினார். வலுக்கட்டாயமாக நடக்கக் கூடாது, ஒளிந்து நடக்கக் கூடாது, அனுமதி வாங்கியும் நடக்கக் கூடாது. இந்த மூன்றும் இல்லாமல் நடந்தால்தான் உரிமை. அனுமதி கேட்டு வாங்கிவிட்டால் அது சலுகை, எத்தனை வருடம் நடந்தாலும் உரிமை ஆகாது. இந்த விதி லத்தீனில் மூன்று துண்டாக இருக்கிறது, அந்தக் கூடத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன், என்னை யாரும் கேட்கவில்லை. மிஸ் க்ரேவன் முகம் வெளிறிப்போனது. “நான் மரியாதைக்குக் கேட்டேன்! கேக்காம எப்படிங்க ஒருத்தர் வயல்ல நுழையறது? எங்கம்மா என்னை அப்படி வளர்க்கலை!” என்றார். “உங்க அம்மா நல்லா வளர்த்ததாலதாங்க பாதை போச்சு” என்றான் சிட்னி. நீங்கள் எழுந்தே விட்டீர்கள். “அப்போ நான் நாயை ஏவி விட்டிருக்கணுமா? அப்படி விட்டிருந்தா உரிமை வந்திருக்குமா?” “இல்லைங்க, அப்படி விட்டாலும் வராது” என்றார் அதிகாரி. “பின்ன நான் என்னதான்யா பண்ணியிருக்கணும்?” “ஒண்ணும் பண்ணாம சும்மா உக்காந்திருக்கணும்.” “யார்க்‌ஷயர்ல ஒருத்தன் வயல்ல ஆள் வந்தா, ஒண்ணும் சொல்லாம சும்மா உக்காந்திருப்பானா?” என்று கேட்டீர்கள் பாருங்கள், பகையாளியாக இருந்தும் அதை நான் மனதுக்குள் பாராட்டினேன்.

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, அனுமதி கேட்காமல் நடந்தவர் ஒருவராவது உண்டா என்றார். அனுமதி கேட்காமல் நடந்தேன் என்று நம் ஊரில் யார் வெளியே சொல்லுவார்கள்? அப்போதுதான் நீங்கள் விரலை நீட்டினீர்கள். “அதோ உக்காந்திருக்காரே, எங்க மாப்பிள்ளை. என் தங்கச்சி வீட்டுக்காரர். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லைங்க. அனுமதி என்ன, காலை வணக்கமே சொன்னதில்ல. தெனமும் போவார், தெனமும் வருவார். மழையானாலும், பனியானாலும். என்னைப் பார்த்தா அப்படியே வானத்தைப் பார்ப்பார்.” கூடம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. பூனை விஷயத்துக்குப் பிறகு இரண்டாவது முறை.

மறுபடி எழுந்தேன். வலுக்கட்டாயமாக நடந்தீர்களா? இல்லை. ஒளிந்து? பட்டப்பகலில். அனுமதியோடு? “அய்யா, இந்த ஆள்கிட்ட நான் ஒரு குவளைத் தண்ணிகூடக் கேக்க மாட்டேன்” என்றேன். பிரமாதம் என்று யாரோ சொன்னார்கள். ஆனால் ஒரே ஆள் பொதுமக்கள் ஆக மாட்டாராம், அதிகாரி சொல்லிவிட்டார், இன்னும் வேண்டும் என்று. பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்கவே இல்லை. சிட்னி எழுந்து நின்று, “நானும் ஜெத்ரோவோட பேசறதில்லீங்க, ஆட்டு விலையில தகராறு, அதனால கேக்காமத்தான் போவேன்” என்றான். “டேய், போன வாரம் என் வீட்டுல சீட்டு விளையாடினியேடா!” என்று கத்தினீர்கள். “விளையாடினேன், பேசலை” என்றான் அவன். தபால்கார ஈனிட் எழுந்தாள். உங்களுக்குத் தாங்கவில்லை. “நீயுமா ஈனிட்? உனக்கு நான் என்ன பண்ணேன்?” “ஊர்க் கண்காட்சியில என் பூசணிக்கு ரெண்டாம் பரிசு குடுத்தீங்க. உங்க பெரியம்மா பையனோட பூசணிக்கு முதல் பரிசு. அன்னிலேருந்து உங்க படல்ல நான் நின்னதேயில்ல, தபாலை வீசிட்டுப் போயிட்டே இருப்பேன்.” “அதான் தபாலெல்லாம் குட்டையில கெடந்துச்சா!” இப்படியே வரிசையில் நின்று, ஒருவரை ஒருவர் முந்தாமல், மன்னிக்கவும் நீங்கள் முதலில் என்று வழிவிட்டு, ஊரே உங்கள் மேல் இருந்த கோபத்தைச் சொல்லி முடித்தது. உங்கள் கண் கலங்கியிருந்தது. நான் பார்த்தேன். உண்மையிலேயே பகையாளியாக இருந்தவன் நான் ஒருவன்தான், எனக்கு மட்டும்தான் அன்று உங்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்றால் இதற்கு என்ன அர்த்தம்?

தீர்ப்பு அடுத்த மாதம் வருமாம். அதற்குள் எனக்கு வாழ்க்கையே தலைகீழாகிவிட்டது. மிஸ் க்ரேவன் எலுமிச்சைக் கேக் கொண்டுவந்து கொடுத்தார். பூனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “மிஸ்டர் லம்லி, தீர்ப்பு வர்ற வரைக்கும் ஜெத்ரோவோட ராசியாயிடாதீங்க, கேஸே உங்க தலையிலதான் நிக்குது. நீங்கதான் எங்க நல்ல பகை. மத்ததெல்லாம் அன்னைக்கு அவசரத்துல செஞ்சது” என்றார். சிட்னி இறைச்சியில் எடை கூடப் போடுகிறான். ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். எல்லோரும் என்னிடம் அன்பாக இருக்கிறார்கள், நான் ஒருவரோடு பேசாமல் இருப்பதற்காக. ஐம்பத்தைந்து வயதில் இப்படி ஒரு மரியாதை வரும், அதுவும் இதற்காக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த நேரத்தில் நீங்க தொடையைக் குடுத்தனுப்பறீங்க. சாப்பிட வாங்க மாப்பிள்ளைங்கறீங்க. கொஞ்சமாவது யோசிச்சீங்களா? நான் உங்க வீட்டுல உக்காந்து உருளைக்கிழங்கைத் தின்னுட்டிருக்கறதை அந்த வக்கீல் பார்த்தா என்ன ஆகும்? பாதை போகும். பாதை போனா சாகற வரைக்கும் எனக்குப் பின்னாக்தான். ஹில்டா நேற்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. அண்ணனுக்கு வயசாகிடுச்சு, முழங்கால் வேற, ஒரு வேளை சாப்பிட்டா குறைஞ்சா போயிடுவீங்க என்கிறாள். குறைஞ்சு போக மாட்டேன். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகவே தயவுசெய்து தீர்ப்பு வரும்வரை என்னை மன்னிக்க வேண்டாம். நானும் தங்களை மன்னிக்காமல் இருக்க என்னால் ஆனதைச் செய்கிறேன். சாலையில் கண்டால் கையசைக்க வேண்டாம். தங்கள் ஆடுகள் குட்டி போடும் காலம் நல்லபடியாக நடக்கட்டும், முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்ளவும், மேற்கூரை ஓட்டை மழைக்கு முன் அடைபடட்டும். இவையெல்லாம் பொதுவாகச் சொல்வது. தனிப்பட்ட முறையில் எதுவும் இல்லை.

என்றும் தங்கள் பகை மாறாத,
ஆம்ப்ரோஸ் லம்லி

பின்குறிப்பு: ஹில்டா இதை என் தோளுக்குப் பின்னால் நின்று முழுக்கப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, “ஏங்க, அண்ணன் உங்களுக்கு அனுமதி குடுக்கலைன்னு யார் சொன்னா?” என்றாள். நான் வேலையை விட்ட அந்த வாரமே அவள் உங்களிடம் வந்து, “அண்ணா, அவர் உன் வயல் வழியாப் போவார், உன்னைக் கேக்க மாட்டார், பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருந்துடு” என்று சொன்னாளாம். “போகட்டும்மா, பாவம். அவர் வர்றதுக்கு முன்னாடி வயல்ல மேயற காளையை ஓட்டிட்டுப் போய்க் கொட்டகையில கட்டிடறேன்” என்றீர்களாம். இத்தனை வருடமும், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. உங்களிடம் காளை இருப்பதே எனக்கு இன்று காலை வரை தெரியாது.

இப்போது நான் நடந்தது அனுமதியோடா, அனுமதி இல்லாமலா? கொடுத்தவருக்குத் தெரியும், வாங்கியவனுக்குத் தெரியாது. இது எந்தத் துண்டில் சேரும்? ஒருவேளை வழிப்போக்கனுக்காகக் காளையைக் கட்டினால் வழி அவனுடையது என்று ஒப்புக்கொண்டதாக ஆகுமா? அதிகாரிக்கு எழுதிக் கேட்கலாம் என்று தாளை எடுத்தேன். ஹில்டா தாளைப் பிடுங்கிவிட்டாள். லத்தீன் உதவவில்லை. எனக்கு யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு வருகிறோம். மேல் வயல் வழியாகத்தான் வருவோம். காளையைக் கட்டிவிடுங்கள். இதை நான் கேட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.